வீணை டீச்சரின் 12 லட்சம்: இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?

தெப்பக்குளத்துக்காரி
ஜூன் 2, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்து யோசனை சொல்லுங்கள்.

எனக்கு வீணை சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு இப்போது 74 வயது. மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி வீட்டில் 46 வருடமாகப் பாடம் நடத்துகிறார். பெரிய மேடையும் இல்லை, விருதும் இல்லை. நான் சேர்ந்தபோது மாதம் 30 ரூபாய். இன்றைக்கும் 500 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை. முடியாத வீட்டுப் பிள்ளைகளிடம் வாங்குவதே இல்லை. போன வருடம் பூர்வீக நிலத்தில் அவருடைய பங்கு விற்றுப் பணம் வந்தது. தன் செலவுக்கும் வைத்தியத்துக்கும் ஒதுக்கியது போக 12 லட்சம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து, "இது இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்கு. எங்கே, எப்படிக் கொடுக்கணும்னு விசாரித்துச் சொல்லு" என்று என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்.

ஏன் இன்ஜினியரிங் என்று கேட்பீர்கள். 2023-ல் அவரிடம் பாட்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பிளஸ் டூ முடித்து கவுன்சலிங்கில் நல்ல கல்லூரியில் ஈ.சி.இ. இடம் வாங்கினாள். அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ கட்டுகிறவர். அந்தப் பெண் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. அதனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடு கிடையாது. அண்ணன் பி.காம். முடித்தவன். அதனால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது. வேறு உதவித்தொகை வரும் என்றார்கள், ஆனால் அது வரும்போதுதானே வரும். கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் டெபாசிட், மெஸ் அட்வான்ஸ் மூன்றும் ஒரே வாரத்தில் கட்ட வேண்டியிருந்தது. புரட்ட முடியவில்லை. இடத்தை விட்டுவிட்டு, வீட்டுப் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தாள். பி.எஸ்சி. குறைந்த படிப்பு இல்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டது அது இல்லை.

டீச்சருக்கு இது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்" என்று அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் ஆறவில்லை. அதுதான் காரணம்.

அந்தக் கல்லூரியின் பெயரை இங்கே எழுத மாட்டேன், டீச்சர் பெயரையும் எழுத மாட்டேன். அது அவர் விருப்பம்.

கோரிப்பாளையம்
ஜூன் 2, இரவு 10.15

அக்கா, படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கொடுப்பது என்றால் மில் முதலாளியும் மிராசுதாரரும் கொடுப்பது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். 2024 ஜனவரியில் ஒத்தக்கடை பக்கம் கொடிக்குளம் அரசுப் பள்ளிக்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்தாரே ஆயி பூரணம் அம்மாள், அவர் வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவர். உங்கள் டீச்சரும் அந்த வரிசையில் வருகிறவர்தான். எனக்கு வழிமுறை தெரியாது, தெரிந்தவர்கள் வருவார்கள். நமஸ்காரத்தை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பசுமலை நாதம்
ஜூன் 3, காலை 7.05

சகோதரி, டீச்சர் மீது முழு மரியாதையோடு ஒரு கேள்வி. நான் பசுமலை அரசு இசைக் கல்லூரியில் படித்தவன். என்னோடு படித்தவர்களில் சொந்த வீணை வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். நாதஸ்வரம், தவில் படிக்க வந்த பையன்கள் வாயில் வைத்து ஊதும் சீவாளிக்கும் தவிலின் தோல் வார் மாற்றவும் காசு இல்லாமல் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்ஜினியரிங்குக்கு அரசு இருக்கிறது, வங்கிக் கடன் இருக்கிறது, பழைய மாணவர் சங்கம் இருக்கிறது, கம்பெனிகள் இருக்கின்றன. இசை படிக்கும் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? இசை டீச்சரின் பணம் இசைக்குப் போக வேண்டாமா? மதுரையில் பிறந்த எம்.எஸ். அம்மா எத்தனையோ நிதிகளுக்குப் பாடிக்கொடுத்தவர். அதுபோன்ற பெரிய கலைஞர்கள் எதற்கும் கொடுக்கலாம். ஒரு சின்ன டீச்சர் எடுத்து வைத்த பணம் வேறு துறைக்குப் போவது எனக்கு வலிக்கிறது. மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

செல்லூர் தறி
ஜூன் 3, காலை 8.30

வேறு ஒரு கோணம். எங்கள் தெருவில் மட்டும் ஐந்து இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். ஒருவன் உணவு டெலிவரி, ஒருவன் மொபைல் கடை. கிடைத்த காலேஜில் சேர்ந்து, கிடைத்த கோர்ஸ் படித்து, நாலு வருடமும் கடனும் போய்விட்டது. பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு முன்னால் எந்தக் கல்லூரிக்கு என்று பாருங்கள். ஆய்வுக்கூடம் இல்லாத, வாத்தியார் நிற்காத இடத்தில் போய்ச் சேரும் பிள்ளைக்குப் பண உதவி செய்வது அந்தப் பிள்ளைக்கே நல்லதில்லை. அரசுக் கல்லூரி, அரசு உதவிபெறும் கல்லூரி, பல்கலைக்கழகத் துறைகள், இந்த மூன்றுக்குள் நில்லுங்கள்.

வைகை வடகரை
ஜூன் 3, பகல் 1.20

32 வருடம் ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். அறக்கட்டளைப் பரிசு, உதவித்தொகைக் கணக்கெல்லாம் என் கை வழியாகப் போனவை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்லூர் தம்பி சொன்னது சரி, முதலில் கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் முறை.

வழக்கமான முறை வைப்பு நிதி. 12 லட்சத்தைக் கல்லூரியிடம் கொடுத்தால் அதை வங்கியில் போட்டு வட்டியை மட்டும் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். முதல் அப்படியே நிற்கும். 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருடம் 84,000 ரூபாய். ஆனால் அதை முழுக்கச் செலவு செய்தால் விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை சுருங்கிக்கொண்டே போகும். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே பழசாகிவிட்ட அறக்கட்டளைகள் இருந்தன. எழுதி வைத்த காலத்தில் ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவுக்குப் போதுமாக இருந்த தொகை, நான் பார்த்தபோது ஒரு புத்தகம் வாங்கக்கூடப் பற்றாது. அந்தக் காசோலையை எழுதும்போது எனக்குக் கை கூசும். அதனால் வட்டியில் கால் பங்கை முதலோடு சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். 84,000-ல் 21,000 உள்ளே போகும், 63,000 பிள்ளைகளுக்கு வரும்.

இன்னொரு முறை, முதலையும் சேர்த்துக் கொடுத்துத் தீர்த்துவிடுவது. பெயர் நிலைக்காது. ஆனால் இப்போது படிக்கிற பிள்ளைக்குக் கையில் கணிசமாகக் கிடைக்கும்.

சொந்தமாக ஒரு டிரஸ்ட் ஆரம்பிக்கலாமா என்று யாராவது சொல்வார்கள். 12 லட்சத்துக்கு வேண்டாம். பதிவு, ஆண்டுத் தணிக்கை, கணக்குத் தாக்கல் என்று பணமும் டீச்சரின் நிம்மதியும் அதிலேயே கரையும்.

நிபந்தனைகளைப் பற்றி மிக முக்கியமாக ஒன்று. "எலெக்ட்ரிகல் துறையில் முதல் மதிப்பெண்" என்று எழுதாதீர்கள். அது பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் போய்ச் சேரும், பரிசு மாதிரி. "இன்ன ஊர், இன்ன பாடப்பிரிவு, தாய் தகப்பன் இல்லாத பெண்" என்று ரொம்பக் குறுக்கியும் எழுதாதீர்கள். அப்படிப்பட்ட மாணவி கிடைக்காமல் வருடக்கணக்கில் பணம் தூங்கிய கணக்கை நானே பராமரித்திருக்கிறேன். தேவையை மட்டும் அளவாக வையுங்கள்.

வரிச்சலுகை: 80ஜி பதிவு (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு) உள்ள அமைப்பு என்றால் ரசீதோடு வருமான வரிக்கான நன்கொடைச் சான்றும் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கிடையாது. டீச்சருக்கு வரியே வராது என்று நினைக்கிறேன், இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக எழுதினேன்.

திருநகர் லேத்
ஜூன் 3, மாலை 6.10

பசுமலை நாதம் அவர்களுக்கு. நான் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன், ஞாயிற்றுக்கிழமைகளில் மிருதங்கம் கற்றுக்கொள்பவன். இசையையும் பொறியியலையும் இரண்டு வீடு போலப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. தோல் வாத்தியம் பொதுவாக இரைச்சலைத்தான் தரும், மிருதங்கம் மட்டும் ஏன் சுருதியோடு பேசுகிறது என்று 1920-லேயே சர் சி.வி. ராமன் ஆராய்ந்து நேச்சர் இதழில் எழுதினார். வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் படிப்படியாக ஏற்றும் கரணை என்ற கறுப்புப் பூச்சின் எடைதான் மேல்சுரங்களை இசைவான விகிதத்துக்குக் கொண்டுவருகிறது. வீணையில் தந்திக்குக் கீழே இருக்கும் 24 மெட்டுகளை மெழுகில் பதித்து மேளம் கட்டுகிறவர் செய்வதும் அளவு வேலைதான். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு, மேலே போகப் போக இடைவெளி ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். 46 வருடம் அந்த மெட்டுகள் மேல் கை வைத்திருந்தவர் பொறியியலுக்குக் கொடுப்பது வேறு துறைக்குக் கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்துப் பொறியியல் கல்வியே கொடையில் வளர்ந்ததுதான். கருமுத்து தியாகராசர் பஞ்சாலையில் சம்பாதித்து 1957-ல் திருப்பரங்குன்றத்தில் கல்லூரி கட்டினார். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1952-ல் பொறியியல் கல்லூரி தொடங்கினார், மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்காக 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். கட்டடம் அவர்களால் வந்தது. அந்தக் கட்டடத்துக்குள் இன்றைக்கு நுழைய முடியாமல் வாசலில் நிற்கிற பிள்ளையை உள்ளே கூட்டிப்போக 12 லட்சம் சின்னத் தொகை இல்லை.

ஒன்று சேர்க்கிறேன். உள்ளே வந்த பிறகும் செலவு இருக்கிறது. டிராயிங் கருவிகள், கால்குலேட்டர், லேப்டாப், ஷூ, ஃபைனல் இயர் புராஜெக்ட். கம்ப்யூட்டர் இல்லாத பையன் அசைன்மென்ட்டை அறைத்தோழன் தூங்கிய பிறகு அவன் லேப்டாப்பில் செய்வதை நான் ஹாஸ்டல் வார்டனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன்.

சோழவந்தான் வெற்றிலை
ஜூன் 3, இரவு 11.55

இதை எழுதலாமா என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன்.

நான் இப்படி ஒரு உதவியில் படித்தவன். அப்பா வெற்றிலைக் கொடிக்காலில் கூலி. முதல் பட்டதாரிச் சலுகை 2010-ல் வந்தது, நான் அதற்கு முந்தையவன். இரண்டாம் வருடம் ஒரு அமைப்பு எனக்கு 10,000 ரூபாய் கொடுத்தது. அந்தப் பணம் இல்லை என்றால் நான் இன்றைக்கு மின்வாரிய ஒப்பந்த வேலை எடுத்து ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவனாக இருக்க மாட்டேன். அவர்களுக்கு என் நன்றி என்றும் உண்டு.

ஆனால் அன்றைக்கு மேடையில் என் பெயரோடு அப்பா என்ன வேலை செய்கிறார், எத்தனை பிள்ளைகள், வீடு ஓலையா ஓடா என்று மைக்கில் படித்தார்கள். என் வகுப்புப் பெண்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பெரிய அட்டையில் அச்சடித்த காசோலையை நீட்டி, போட்டோவுக்காக இன்னொரு முறை வாங்கச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு வருடம் நான் கேன்டீனில் டீ குடித்தால்கூட, இவன் உதவிப்பணத்தில் டீ குடிக்கிறான் என்று நினைப்பார்களோ என்று இருக்கும். யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு இருந்தது.

மூன்றாம் வருடம் அந்த உதவி வரவில்லை. ஏன் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருடம் அம்மாவின் தோடு போனது.

அக்கா, டீச்சரிடம் இரண்டைச் சொல்லுங்கள். மேடை வேண்டாம். ஒரு வருடம் கொடுத்து நிறுத்த வேண்டாம்.

புதூர் அம்மா
ஜூன் 4, காலை 6.30

சோழவந்தான் தம்பி, எழுதியது நல்லதாய்ப் போயிற்று. உங்கள் அம்மா நன்றாக இருக்கிறார்களா?

பெண் பிள்ளைகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) பிரகதி உதவித்தொகை வருடம் 50,000 ரூபாய் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். என் மகளுக்கு வந்தது. நிறையப் பேருக்கு இது தெரியாது. டீச்சர் பணம் கொடுக்கிற பிள்ளைகளை இதற்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அரசின் மாதம் 1,000 ரூபாய்த் திட்டங்களான புதுமைப்பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் இருக்கின்றன. எல்லாம் படிக்கும் காலத்தில் உதவும். அந்த முதல் வாரத்துக்குத்தான் எதுவும் இல்லை. என் மகளைச் சேர்க்கும்போது நான் நகைக்கடன் வைத்துத்தான் கட்டினேன்.

தெப்பக்குளத்துக்காரி
ஜூன் 5, இரவு 8.50

எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொண்டுபோய் டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். சோழவந்தான் தம்பி எழுதியதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் கேட்டார், "ஒரு பிள்ளையைச் சரளி வரிசை, ஜண்டை, அலங்காரம் எல்லாம் சொல்லிக்கொடுத்துக் கீதம் வரைக்கும் கொண்டுவந்து, இனிமேல் வராதே என்று அனுப்புவேனா? வர்ணத்துக்கு வந்தால்தானே அது பாட ஆரம்பிக்கும். நாலு வருடப் படிப்புக்கு ஒரு வருடப் பணம் எதற்கு?"

வைப்பு நிதியில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. 63,000 ரூபாயை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்து, என்றைக்கும் பெயர் நிற்பதைவிட, இப்போது சேரும் நாலு பிள்ளைகளைக் கடைசி செமஸ்டர் வரை கொண்டுபோய் விட வேண்டும் என்கிறார். வருடம் ஒருவருக்கு 60,000. நாலு பேர், நாலு வருடம், 9 லட்சத்து 60 ஆயிரம். மீதி 2 லட்சத்து 40 ஆயிரம் அந்த முதல் வாரத்துக்காக. இடம் கிடைத்துக் கட்ட முடியாத பிள்ளைக்கு உடனே கொடுத்து, உதவித்தொகை வந்ததும் முடிந்தால் திருப்பித் தரட்டும், அடுத்த பிள்ளைக்குப் போகும்.

பசுமலை சகோதரர் கேள்விக்கும் பதில் சொன்னார். "அவர் சொல்வது நியாயம். இசைக்கு என்னால் தினமும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க முடியும், அதைச் செய்கிறேன். சர்க்யூட் எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் பணம்தானே கொடுக்க முடியும்."

வைகை வடகரை
ஜூன் 6, காலை 10.00

நல்ல முடிவு. ஆனால் நாலு வருட வாக்குக் கொடுப்பவருக்கு 74 வயது. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. பணத்தைத் தன் பெயரில் வைத்து வருடா வருடம் கட்டுவது என்றால், நடுவில் ஏதாவது நேர்ந்தால் பிள்ளைகள் நிற்பார்கள். நாமினி இருக்கிறாரே என்று நினைக்கலாம். நாமினி பணத்தை வங்கியிலிருந்து வாங்குகிறவர்தான், அது வாரிசுகளுக்குச் சேர வேண்டிய பணமாகிவிடும். அதனால் 9.6 லட்சத்தை இப்போதே கல்லூரியிடம் தனிக் கணக்காகக் கொடுத்து, எந்த நாலு பேர், எவ்வளவு, எந்த மாதம் என்று கடிதமாக எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். மெஸ், ஹாஸ்டல் போக மீதி மாணவர் வங்கிக் கணக்கில் நேராகப் போகட்டும். வருடத்துக்கு ஒரு கணக்கு டீச்சருக்கும் உங்களுக்கும் வர வேண்டும். மிச்சம் 2.4 லட்சத்துக்கு உயில் எழுதிவிடுங்கள். பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் கட்டாயம் வேண்டும். பதிவு செய்தால் இன்னும் பலம்.

செல்லூர் தறி
ஜூன் 6, பகல் 12.40

அரியர் வைத்தால்? பெயிலாகிக்கொண்டே இருக்கும் பையனுக்கும் நாலு வருடம் கொடுப்பதா? ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்று நினைக்கிறேன்.

திருநகர் லேத்
ஜூன் 6, இரவு 7.30

தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் பலர் முதல் இரண்டு செமஸ்டரில் தடுமாறுவதை வருடா வருடம் பார்க்கிறேன். மூன்றாவது செமஸ்டரில் எழுந்துவிடுவார்கள். பணத்தை நிறுத்தினால் அந்த எழுச்சியே நடக்காது. வகுப்புக்கு வருகிறானா என்பதை மட்டும் பாருங்கள். அரியர் விழுந்தால் அந்தப் பாடத்துக்கு நான் சொல்லித் தருகிறேன். எந்தக் கல்லூரிப் பிள்ளையாக இருந்தாலும் சரி, சனிக்கிழமை மாலை திருநகர் வீட்டுக்கு வரட்டும். மெக்கானிக்ஸ், கணிதம் இரண்டுக்கும் நான் பொறுப்பு.

சோழவந்தான் வெற்றிலை
ஜூன் 6, இரவு 10.20

எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் பிள்ளைகளுக்கு விடுமுறையில் என்னோடு வேலைத்தளத்துக்கு வர வழி செய்கிறேன். சம்பளத்தோடு. அந்த 2.4 லட்சத்தில் என் பங்காக 50,000 சேர்த்துக்கொள்ளுங்கள். புதூர் அம்மாவுக்கு, அம்மா நன்றாக இருக்கிறார்கள். தோடு மீட்டாயிற்று.

தெப்பக்குளத்துக்காரி
செப்டம்பர் 14, மாலை 5.15

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். கவுன்சலிங் முடியும் வரை நானும் டீச்சரின் பழைய மாணவிகள் இரண்டு பேரும் அலைந்துகொண்டே இருந்தோம்.

கடிதம் கையெழுத்தாகி, பணம் கட்டியாயிற்று. நாலு பேரைக் கல்லூரிக் குழுவே தேர்ந்தெடுத்தது, எங்கள் தரப்பில் ஒருவர் உடன் இருந்தார். இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள், ஒருவர் மட்டும் மதுரைக்குள்ளேயே. மேடை இல்லை. போட்டோ இல்லை. ஹாஸ்டல் அலுவலகத்தில் மற்ற பிள்ளைகள் வாங்குவது போல ரசீது வாங்கிக்கொண்டு போனார்கள். டீச்சர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அரியர் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிதான்: "கல்லூரிக்கு வரும்வரை நிறுத்தக் கூடாது." டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதியது.

முதல் வாரப் பணத்திலிருந்து இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். அதில் ஒரு பெண்ணுக்கு இடம் உறுதியான நாள் வெள்ளிக்கிழமை, கட்டக் கடைசி நாள் செவ்வாய். திங்கட்கிழமை காலை வங்கி திறந்ததும் கட்டினோம். அன்றைக்கு டீச்சர் மூன்று முறை போன் செய்து கட்டியாயிற்றா என்று கேட்டார்.

நாலு பேரின் பரீட்சைத் தேதிகளை மட்டும் வாங்கித் தரச் சொன்னார். தினசரிக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.

திருநகர் சார், உசிலம்பட்டிப் பையன் வரும் சனிக்கிழமையிலிருந்து உங்களிடம் வருகிறான். கணிதத்தில் திணறுகிறானாம்.

பசுமலை சகோதரருக்கு: டீச்சர் வீட்டில் இரண்டு வீணைகள் சும்மா இருக்கின்றன. ஒன்று நல்ல நிலையில் உள்ளது, இன்னொன்றுக்கு மேளம் கட்ட வேண்டும், அந்தச் செலவை நான் ஏற்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் யாருக்காவது வேண்டும் என்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் மாலை நாலு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

பசுமலை நாதம்
செப்டம்பர் 14, இரவு 8.00

இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் சகோதரி. திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.